ஆர்டர் தாளில் வரும் சட்டம்

2022 ஜூலை 29ஆம் தேதி அமெரிக்கச் சுங்கத்துறை ஓர் ஆணை போட்டது. திண்டுக்கல் மாவட்டத்தில் உள்ள நாச்சி அப்பேரல் என்ற ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் தைத்த எந்த உருப்படியும் அமெரிக்கத் துறைமுகத்துக்கு வந்தால் நிறுத்தி வையுங்கள் என்பது அதன் சாரம். அங்கே கட்டாய உழைப்புக்கான அறிகுறிகள் இருப்பதாகத் தகவல் கிடைத்திருக்கிறது என்பது காரணம். நாச்சி அப்பேரல், திருப்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஈஸ்ட்மேன் எக்ஸ்போர்ட்ஸ் குழுமத்தைச் சேர்ந்தது.

அந்த வாரம் திருப்பூரில் பனியன் கம்பெனி நடத்தும் பலருக்கும் ஒரே சந்தேகம். எனக்குத் தெரிந்த ஒரு முதலாளி போனில் கேட்டார்: “ஏனுங் மேடம், கோர்ட்டுமில்ல, கேசுமில்ல. அமெரிக்காக்காரன் ஒரு பேப்பர்ல எழுதுனா இங்க ஒரு கம்பெனி நின்னு போயிருமுங்களா? அவன் சட்டத்துக்கு நாம எதுக்குங் கட்டுப்படோணும்?”

நியாயமான கேள்வி. அதற்குப் பதில் சொல்லத்தான் இந்தக் கட்டுரை. பனியன் தைக்கிறவர்கள், தைக்க வைக்கிறவர்கள், வாங்கிப் போடுகிறவர்கள் எல்லோருக்கும் இதில் பங்கு உண்டு.

என்னைப் பற்றி இரண்டு வரி சொல்லிவிடுகிறேன். திருப்பூர் அனுப்பர்பாளையத்தில் வளர்ந்தவள். அம்மா பனியன் கம்பெனியில் செக்கிங் வேலை பார்த்தார். சனிக்கிழமைச் சம்பளத்தில்தான் எங்கள் வீட்டில் அரிசி, பருப்பு, பள்ளிக்கூடப் பீஸ் எல்லாம். கோவையில் சட்டம் படித்துவிட்டு ஊருக்கே திரும்பி வந்து தொழில் செய்கிறேன். சில கம்பெனிகளின் உள்ளகக் குழுவில், அதாவது பணியிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் தொல்லைகளை விசாரிக்கும் குழுவில், வெளி உறுப்பினராக இருக்கிறேன். கீழே எழுதியிருப்பதில் பாதி சட்டப் புத்தகத்தில் இருப்பது. மீதி அந்தக் குழுக்களின் மேசையில் உட்கார்ந்து பார்த்தது.

திண்டுக்கல்லில் நடந்தது

2021 ஜனவரியில் நாச்சி அப்பேரலில் தையல் வேலை பார்த்த ஓர் இளம் தலித் பெண் கொல்லப்பட்டார். வயது இருபதை ஒட்டி இருக்கும். அவர் தமிழ்நாடு டெக்ஸ்டைல் மற்றும் பொதுத் தொழிலாளர் சங்கத்தின் உறுப்பினர். பெண்களே முன்னின்று நடத்தும் சங்கம் அது. உறுப்பினர்களில் பெரும்பாலோர் தலித் பெண்கள். அதே ஆலையின் மேற்பார்வையாளர் ஒருவர் கொலை வழக்கில் கைதானார். அந்தப் பெண்ணுக்கு அவர் பல மாதங்களாகத் தொல்லை கொடுத்து வந்தார் என்று குடும்பத்தாரும் உடன் வேலை செய்தவர்களும் சொன்னார்கள்.

கொலைக்குப் போலீஸ் இருக்கிறது, நீதிமன்றம் இருக்கிறது. சங்கம் கேட்டது அதற்கு முந்திய கேள்வி. தொல்லை நடந்த மாதங்களில் அந்தப் பெண் யாரிடம் போய்ச் சொல்லியிருக்க முடியும்? சொல்லியிருந்தால் என்ன நடந்திருக்கும்? விசாரிக்கப் போன தொழிலாளர் உரிமை அமைப்புகளிடம் மற்றப் பெண்களும் வாய் திறந்தார்கள். கெட்ட வார்த்தை, மேலே கை படுவது, டார்கெட் முடியாவிட்டால் லைனில் எல்லோர் முன்னாலும் திட்டு. பனியன் கம்பெனியில் வேலை பார்த்த எந்தப் பெண்ணுக்கும் இவை புதிய செய்திகள் அல்ல.

நம் கையில் இருந்த சட்டம்

இந்தியாவில் இதற்குச் சட்டம் இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். 1997 ஆகஸ்ட் 13இல் உச்ச நீதிமன்றம் விசாகா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. அன்றைக்குப் பணியிடப் பாலியல் தொல்லைக்கென்று தனிச் சட்டம் இல்லை. பெண்களுக்கு எதிரான எல்லாவிதப் பாகுபாட்டையும் ஒழிக்கும் ஐ.நா. உடன்படிக்கையை இந்தியா 1993இல் ஏற்றிருந்தது. நாடாளுமன்றம் சட்டம் போடும் வரை அந்த உடன்படிக்கையின் துணையோடு நாங்களே விதிகளை வகுக்கிறோம் என்றது நீதிமன்றம். சர்வதேசச் சட்டம் ஒரு கூலிக்காரப் பெண்ணின் வேலையிடத்துக்குள் வர முடியும் என்பதை நம் நீதிமன்றம் கால் நூற்றாண்டுக்கு முன்பே காட்டிவிட்டது.

பதினாறு ஆண்டு கழித்து, 2013இல் சட்டமே வந்தது. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் எந்த இடத்திலும் உள்ளகக் குழு இருக்க வேண்டும். மூத்த பெண் ஊழியர் ஒருவர் தலைவர். உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாமல் பெண்கள். வெளியிலிருந்து ஒருவர். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார் தரலாம். தக்க காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் நீட்டிக்கலாம். 90 நாளுக்குள் விசாரணை முடிய வேண்டும். அதுவரைக்கும் புகார் கொடுத்த பெண்ணுக்கு இடமாற்றமோ விடுப்போ கேட்க உரிமை உண்டு. பத்துப் பேருக்குக் குறைவாக இருந்தால் மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு. குழு அமைக்காத முதலாளிக்கு 50,000 ரூபாய் வரை அபராதம்.

எழுத்தில் குறை சொல்ல முடியாத சட்டம். கம்பெனிக்குள் அது என்ன ஆகிறது என்று நான் பார்த்ததைச் சொல்கிறேன். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டேன்; ஒன்றிரண்டு கம்பெனியின் கதையும் அல்ல இது.

பையரின், அதாவது துணி வாங்கும் வெளிநாட்டு நிறுவனத்தின், ஆடிட் வருகிறது என்று தெரிந்ததும் குழுவின் கூட்டப் பதிவேடு உயிர் பெறும். மூன்று மாதத்துக்கு ஒரு கூட்டம் நடந்ததாக, ஒரே பேனாவில், ஒரே கையெழுத்தில் பக்கங்கள் நிரம்பும். ஒவ்வொரு பக்கத்திலும் முடிவு ஒன்றுதான்: “புகார் எதுவும் வரவில்லை.” புகார்ப் பெட்டி மேனேஜர் அறைக்கு எதிரே, சிசிடிவி கேமராவுக்கு நேர் கீழே தொங்கும். சாவி மேனேஜரிடம். குழு உறுப்பினர்களின் பெயர்ப் பலகை தமிழிலும் ஆங்கிலத்திலும் இருக்கும். அந்த மாடியில் தைக்கும் பெண்களில் பலர் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் வந்தவர்களாக இருப்பார்கள். குழுத் தலைவர் பெரும்பாலும் எச்.ஆர். பெண். நல்லவராகவே இருக்கலாம். ஆனால் அவருக்குச் சம்பளம் போடுகிறவரின் சொந்தக்காரர்தான் லைன் சூப்பர்வைசர் என்றால் அவர் என்ன செய்வார்?

எல்லாவற்றையும் விடப் பெரிய தடை வேறு. ஒரு முறை விசாரணை அறைக்கு வெளியே ஒரு பெண் என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: “புகார்னு எழுதுனா ஊருக்குப் போன் போட்டுருவாங்கக்கா. வேலைக்குப் போனது போதும்னு வீட்ல கூட்டிட்டுப் போய்க் கல்யாணம் பண்ணி வெச்சுருவாங்க.” தொல்லை கொடுத்தவனுக்குத் தண்டனை கிடைப்பதற்கு முன்பே அவளுடைய வேலை போய்விடும், படிக்கும் தம்பிக்கு அனுப்பும் பணம் நின்றுவிடும். 50,000 ரூபாய் அபராதம் இந்தக் கணக்கில் எங்கே வருகிறது?

நான் மட்டும் சொல்லும் குறை இல்லை இது. 2023 மே மாதத்தில் உச்ச நீதிமன்றமே, சட்டம் வந்து இத்தனை காலம் ஆகியும் நடைமுறையில் பெரும் ஓட்டைகள் இருக்கின்றன என்று வருந்தியது. 2024 டிசம்பர் 3இல், மாவட்டந்தோறும் அதிகாரியை நியமியுங்கள், உள்ளகக் குழுக்கள் இருக்கின்றனவா என்று கணக்கெடுங்கள் என்று மீண்டும் உத்தரவு போட்டது. சட்டம் நடைமுறைக்கு வந்து 11 ஆண்டு முடிகிற நேரத்தில், குழு இருக்கிறதா என்று எண்ணிப் பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது.

அமெரிக்கச் சுங்கத்துக்கு ஏது இந்த அதிகாரம்?

இனி அந்த முதலாளியின் கேள்விக்கு வருவோம். அமெரிக்கச் சட்டம் திருப்பூரையோ திண்டுக்கல்லையோ ஆளவில்லை. தன் நாட்டு வாசலை மட்டும் ஆள்கிறது. 1930ஆம் ஆண்டின் அமெரிக்கச் சுங்கவரிச் சட்டத்தில் 307ஆம் பிரிவு என்று ஒன்று உண்டு. கட்டாய உழைப்பால் விளைந்த எந்தப் பொருளையும் இறக்குமதி செய்யக் கூடாது என்கிறது அது. அதில் ஒரு சந்து விட்டு வைத்திருந்தார்கள்: அமெரிக்காவில் போதுமான அளவு உற்பத்தியாகாத பொருளாக இருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். அதனால் எண்பத்தைந்து ஆண்டு அந்தப் பிரிவு ஏறக்குறைய தூங்கியது. 2016 பிப்ரவரியில் அந்தச் சந்து அடைக்கப்பட்டது. அதன் பிறகுதான் தடையாணைகள் வேகமெடுத்தன.

இந்தப் பிரிவில் குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணமாக வேண்டியதில்லை. முடிவான சாட்சியம் இல்லாவிட்டாலும், நியாயமாகச் சந்தேகிக்கத் தகவல் இருந்தால் போதும், சரக்கு நிற்கும். கட்டாய உழைப்பு நடக்கவில்லை என்று காட்டும் பொறுப்பு இறக்குமதியாளர் தலையில். அதற்கு மூன்று மாதம் அவகாசம். முடியாவிட்டால் சரக்கை வேறு நாட்டுக்குத் திருப்பிக்கொள்ளலாம். சீசன் துணியை மூன்று மாதம் துறைமுகத்தில் வைத்தால் அதன் கதி என்ன என்று திருப்பூரில் யாருக்கும் விளக்க வேண்டாம்.

கட்டாய உழைப்பு என்றால் என்ன? சர்வதேசத் தொழிலாளர் அமைப்பின் 29ஆம் உடன்படிக்கை, அதுவும் 1930தான், சொல்கிறது: தண்டனை அச்சுறுத்தலின் கீழ், தானாக முன்வராத ஒருவரிடமிருந்து பெறும் வேலை. இந்தியா இதை 1954இல் ஏற்றுக்கொண்டது. இதை அடையாளம் காண அந்த அமைப்பு 11 அறிகுறிகளைத் தருகிறது. ஏமாற்றி வேலைக்குச் சேர்ப்பது, வெளியே போக விடாமல் தடுப்பது, அடையாளச் சீட்டைப் பிடுங்கி வைப்பது, சம்பளத்தை நிறுத்தி வைப்பது, கடனில் மாட்டுவது, உடல், பாலியல் வன்முறை, மிரட்டல், அளவு கடந்த ஓவர்டைம் என்று போகும் பட்டியல். மூன்று வருடம் வேலை பார்த்தால் கடைசியில் மொத்தமாகப் பணம் என்று சொல்லித் தென் மாவட்டப் பெண் பிள்ளைகளை ஸ்பின்னிங் மில்களுக்குக் கூட்டி வந்த சுமங்கலித் திட்டத்தை இந்தப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். வெளிநாட்டு பையர்கள் கொங்கு நாட்டு நூலைச் சந்தேகக் கண்ணோடு பார்க்கத் தொடங்கியதில் அந்தத் திட்டத்துக்குப் பெரும் பங்கு உண்டு.

ஆச்சரியம் என்னவென்றால், கட்டாய உழைப்புக்கு நம் நாட்டுச் சட்டம் தரும் பொருள் இதைவிட அகலமானது. 1982ஆம் ஆண்டு டெல்லி ஆசிய விளையாட்டுக்காக மைதானங்கள் கட்டிய கூலிகளுக்குக் குறைந்தபட்சக் கூலி தரப்படவில்லை. மக்கள் ஜனநாயக உரிமைச் சங்கம் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு கடிதம் எழுதியது. அதையே மனுவாக ஏற்ற நீதிபதி பகவதி, அந்த ஆண்டு செப்டம்பரில் தீர்ப்புத் தந்தார். பசியும் வறுமையும் கூட ஒருவனைக் கட்டாயப்படுத்தும். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே ஒருவர் வேலை செய்தால், தானாகவே முன்வந்து செய்தாலும், அது அரசியல் சாசனத்தின் 23ஆம் பிரிவு தடை செய்த கட்டாய உழைப்பே என்றார்.

அந்தத் தீர்ப்பை அப்படியே பிடித்தால் இந்தியாவில் எத்தனை பட்டறை மிஞ்சும் என்று யோசித்துப் பாருங்கள். நம் சட்டத்துக்குக் கண் பெரிது, கை சிறிது. அமெரிக்கச் சுங்கத்துக்கு அந்த அளவு கண் இல்லை, கை நீளம். பையரின் ஆர்டர் என்ற ஒரே கயிற்றைப் பிடித்து இழுத்தால் கம்பெனி முழுக்க அசைகிறது. நான் சொல்ல வந்தது இதைத்தான். இங்கே தொழிலாளி எந்தச் சட்டத்தால் காக்கப்படுகிறாள் என்பதை, அந்தச் சட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, மீறினால் முதலாளி எதை இழப்பார் என்பதே முடிவு செய்கிறது.

திண்டுக்கல் ஒப்பந்தம்

சுங்க ஆணை வருவதற்கு முன்பே இன்னொரு வேலை நடந்து முடிந்திருந்தது. 2022 ஏப்ரலில், மேலே சொன்ன சங்கம், ஆசியத் தரைக்கூலிக் கூட்டணி, அமெரிக்காவைச் சேர்ந்த ஒரு தொழிலாளர் நீதி அமைப்பு ஆகியவை ஈஸ்ட்மேனுடன் ஓர் ஒப்பந்தம் செய்தன. அதோடு இணைந்த இன்னொரு ஒப்பந்தத்தில் எச் அண்ட் எம் நிறுவனம் கையெழுத்திட்டது. பின்னர் கேப் நிறுவனமும், கால்வின் கிளைன், டாமி ஹில்ஃபிகர் பிராண்டுகளை வைத்திருக்கும் பிவிஎச் நிறுவனமும் சேர்ந்தன. ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இதன் கீழ் வந்தார்கள். இதற்கு முன் 2019இல் ஆப்பிரிக்காவின் லெசோத்தோ நாட்டில் ஜீன்ஸ் ஆலைகளுக்காக, பாலியல் தொல்லைக்கு எதிராக இப்படி ஓர் ஏற்பாடு வந்திருந்தது. ஆசிய ஆடைத் தொழிலில் அந்த வகையில் திண்டுக்கல்தான் முதல்.

திருப்பூருக்கு ஒப்பந்தம் புதிதில்லை. 1984இல் பஞ்சப்படி கேட்டு 127 நாள் வேலைநிறுத்தம் நடத்திய ஊர் இது. தொழிற்சங்கத்துக்காரர்களிடம் கேட்டால் 12(3), 18(1) என்று தூக்கத்திலும் சொல்வார்கள். 1947ஆம் ஆண்டுத் தொழில் தகராறுச் சட்டத்தின் பிரிவுகள் அவை. சமரச அதிகாரி முன்னிலையில் போட்டால் 12(3); அந்த ஆலையின் தொழிலாளர் எல்லோரையும் கட்டுப்படுத்தும். இரு தரப்பும் தாமாகப் பேசிப் போட்டால் 18(1). கையெழுத்துப் போட்டவர்களை மட்டும் கட்டுப்படுத்தும். 2025 நவம்பர் 21 முதல் அந்தச் சட்டத்தின் இடத்துக்குத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பு வந்துவிட்டது. எண்கள் மாறும், நாக்குப் பழக்கம் மாற நாளாகும்.

இந்த இரண்டிலும் ஓர் ஆள் எப்போதும் இருந்ததில்லை: துணியை வாங்குகிறவர். விலையை வைப்பவர் அவர், தேதியைக் குறிப்பவர் அவர், கூலிப் பேச்சில் மட்டும் அவருக்கு நாற்காலி கிடையாது. திண்டுக்கல்லில் அந்த நாற்காலியைப் போட்டார்கள். ஆலை ஒப்பந்தத்தை மீறினால் பிராண்ட் தன் வணிக வழியில் நடவடிக்கை எடுத்தாக வேண்டும். ஆர்டரைக் குறைப்பதும் அதில் அடங்கும். சட்டப்படி பார்த்தால், ஒப்பந்தத்தில் தரப்பாக இல்லாதவர் அதை வைத்து வழக்குப் போட முடியாது என்பது இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் பொதுவிதி. பையருக்கும் எக்ஸ்போர்ட்டருக்கும் இடையே நடத்தை விதி என்று ஐம்பது பக்கம் இருந்தாலும் தொழிலாளி அதைத் தொட முடியாததற்குக் காரணம் அதுதான். இங்கே சங்கமே ஒரு தரப்பு. வித்தியாசம் அங்கேதான்.

தையல் மாடியில் என்ன மாறியது? ஏறக்குறைய 25 தொழிலாளிக்கு ஒருவர் வீதம் லைன் கண்காணிப்பாளர்களைச் சங்கம் தேர்ந்து பயிற்சி கொடுத்தது. அவர்களும் பக்கத்து மெஷினில் உட்கார்ந்து தைக்கிற பெண்கள்தான். சூப்பர்வைசர் கத்தினால், கை நீட்டினால், சாதியைச் சொல்லிப் பேசினால் அங்கேயே குறித்துக்கொண்டு நிர்வாகத்திடம் எடுத்துப் போவார்கள். புகார் கொடுத்ததற்காக யாரையும் பழிவாங்கக் கூடாது. உள்ளே தீராததை எடுத்துப்போகச் சுயேச்சையான மதிப்பீட்டாளர்கள் நியமிக்கப்பட்டார்கள். முதலாண்டு அறிக்கையின்படி 185 குறைகள் வந்தன. அவற்றில் 98 சதவீதம் தீர்ந்தது.

நான் பார்த்த பதிவேடுகளை நினைத்துக்கொண்டு இந்த எண்ணைப் படித்தேன். ஒரு ஆலையில் புகாரே வரவில்லை என்றால் அங்கே தொல்லை இல்லை என்று பொருள் கொள்கிறோம். சொல்ல வழி இல்லை என்றுதான் பெரும்பாலும் பொருள். 185 என்பது அந்த ஆலைக்கு வந்த நற்பெயர்.

ஜூலை மாத ஆணை வந்தபோது ஒரு விசித்திரம் நடந்தது. காக்கப்பட வேண்டிய தொழிலாளர்களே வேலை இழக்கக் கூடாது என்று, போராடிய அமைப்புகளே ஆணையைத் தளர்த்தக் கேட்டன. ஒப்பந்தத்தின் கீழ் நடந்த மாற்றங்களைச் சான்றாக வைத்தார்கள். 2022 செப்டம்பர் 7இல் அமெரிக்கச் சுங்கத்துறை தடையை விலக்கியது. ஆறு வாரத்துக்குள் விலகிய தடை அது. மற்றச் சில ஆணைகள் ஆண்டுக்கணக்கில் நிற்கின்றன. முறையான சங்கமும் எழுத்தில் ஒப்பந்தமும் இருந்ததால் கம்பெனிக்கு லாபம் என்று காட்ட இதைவிடத் தெளிவான உதாரணம் எனக்குத் தெரியாது.

டாக்கா காட்டிய வழி

பிராண்டையும் ஒப்பந்தத்துக்குள் கொண்டுவரும் இந்தச் சிந்தனைக்கு வங்கதேசம் வழி காட்டியது. 2013 ஏப்ரல் 24இல் டாக்கா அருகே ராணா பிளாசா கட்டடம் இடிந்து 1,100க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன் பிறகு தொழிற்சங்கங்களும் ஐரோப்பிய பிராண்டுகளும் கட்டடப் பாதுகாப்புக்காக ஓர் உடன்பாடு போட்டன. தகராறு வந்தால் நடுவர் மன்றம் போகலாம் என்று ஒரு வரி இருந்தது. ஆலைகளைச் சீராக்கும் செலவில் பங்கு தரவில்லை என்று 2016இல் இரண்டு பிராண்டுகள்மீது உலகத் தொழிற்சங்கக் கூட்டமைப்புகள் அந்த வரியைப் பிடித்தன. நெதர்லாந்தின் ஹேக் நகரில் நிரந்தர நடுவர் மன்றத்தின் துணையோடு வழக்கு நடந்தது. 2018 ஜனவரியில் ஒரு பிராண்ட் 23 லட்சம் டாலர் தந்து சமரசமானது. நாடுகள் எல்லைத் தகராறு பேசும் இடத்தில் தையல் தொழிலாளியின் படிக்கட்டும் தீயணைப்புக் கதவும் வழக்காயின. நடுவர் தீர்ப்பைப் பல நாடுகளில் நிறைவேற்ற 1958ஆம் ஆண்டு நியூயார்க் உடன்படிக்கை உதவுகிறது. இந்தியாவும் அதில் உறுப்பினர்.

முதலாளி சொல்வதிலும் நியாயம்

ஒரு பக்கம் மட்டும் எழுதினால் ஊரில் நடமாட முடியாது. அதோடு, அது நேர்மையும் ஆகாது. பெருமாநல்லூர் பக்கம் சின்ன யூனிட் வைத்திருக்கும் ஒருவர் சொன்னது: “ரூலைக் கூட்டறான், ரேட்டைக் குறைக்கறான். ரெண்டையும் ஒரே மெயில்ல அனுப்பறான். நான் எந்தப் பக்கம்ங் போறது?”

2025 ஆகஸ்ட் 27 முதல் இந்தியச் சரக்குக்கு அமெரிக்கா 50 சதவீத வரி போட்டபோது, அந்தச் சுமையில் பங்கு கேட்டு பையர்கள் விலைக்குறைப்புக்கு நெருக்கினார்கள். ஆண்டுக்குச் சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்யும் ஊர் ஆடிப் போனது. அதே நாடுதான் தொழிலாளி நலனையும் பேசுகிறது. இறுக்கமான தேதி கொடுத்துவிட்டு ஓவர்டைம் ஏன் என்று கேட்பது, கடைசி நேரத்தில் டிசைனை மாற்றிவிட்டு ஒன்றரை ஷிப்ட் ஏன் என்று கேட்பது பையரின் வழக்கம். தன் வாங்கும் முறையைத் திருத்தாமல் விற்பவனின் ஒழுக்கத்தை மட்டும் சோதிப்பவனுக்கு நீதிபதி நாற்காலி பொருந்தாது.

தடையாணையின் அடி முதலில் விழுவது தொழிலாளிமேல்தான் என்பதும் உண்மை. ஆர்டர் நின்றால் முதலாளிக்கு வேறு பையர் கிடைக்கலாம். சனிக்கிழமை கையில் பணம் வாங்குகிறவளுக்கு அடுத்த வாரமே அடுப்பு எரியாது. இன்னொரு குறையும் உண்டு. பையரின் கயிறு ஏற்றுமதிக் கம்பெனியோடு முடிந்துவிடுகிறது. காதர்பேட்டையில் உள்நாட்டுச் சந்தைக்கு விற்கும் பனியனுக்கு எந்த நாட்டுச் சுங்கமும் கிடையாது. வீட்டு வாசலில் பிசிறு வெட்டும் பெண்ணையும், பவர்டேபிள் ஜாப் ஒர்க் யூனிட்டில் தைக்கும் டெய்லரையும் எச் அண்ட் எம்முக்குத் தெரியாது. அவர்களுக்கு இந்தியச் சட்டம் ஒன்றுதான் கதி.

இனி வருவது

நெருக்கடி குறையப் போவதில்லை. சீனாவின் சிஞ்சியாங் பருத்தியைக் குறிவைத்த அமெரிக்கச் சட்டம் 2022 ஜூன் 21 முதல் நடப்பில் இருக்கிறது. அந்தப் பருத்தி ஓர் இழை கலந்தாலும் கட்டாய உழைப்பு என்றே முதலில் எடுத்துக்கொள்ளும். அதனால் எக்ஸ்போர்ட்டர் நூல் எந்த மில்லிலிருந்து, பஞ்சு எந்தச் சந்தையிலிருந்து என்று காகிதம் காட்ட வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் விநியோகச் சங்கிலிச் சட்டம் 2023 ஜனவரி முதல் அங்குள்ள பெரிய நிறுவனங்களைக் கட்டுப்படுத்துகிறது. கட்டாய உழைப்புப் பொருளைத் தன் சந்தையில் விற்கவே கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியம் 2024இல் இயற்றிய விதி 2027 டிசம்பர் 14 முதல் அமலாகும். 2025 ஜூலை 24இல் கையெழுத்தான இந்திய - பிரிட்டன் வணிக ஒப்பந்தத்தில் வரிக் குறைப்போடு தொழிலாளர் உரிமைக்கும் ஓர் அத்தியாயம் இருக்கிறது.

முதலாளிகளுக்கு என் யோசனை எளியது. ஆடிட்டுக்காகப் பதிவேடு எழுதுவதை நிறுத்துங்கள். புகார்ப் பெட்டியைக் கேமராவுக்குக் கீழிருந்து எடுத்து, கழிப்பறைப் பக்கம் பெண்கள் மட்டும் போகிற இடத்தில் மாட்டுங்கள். சாவியை வெளி உறுப்பினரிடம் கொடுங்கள். பலகையை ஒடியாவிலும் இந்தியிலும் எழுதுங்கள். சங்கத்தைக் கண்டால் ஒதுங்காதீர்கள். அமெரிக்கத் துறைமுகத்தில் சரக்கை விடுவித்தது சங்கத்தின் கையெழுத்துதான் என்பதை நினைவில் வையுங்கள்.

வேலைக்குப் போகும் பெண்களுக்கு ஒரு வார்த்தை. நடந்ததைத் தேதியோடு எழுதி வையுங்கள், போனில் ஆகட்டும், நோட்டில் ஆகட்டும். மூன்று மாதம் என்ற கெடு மனதில் இருக்கட்டும். எழுத்தில்தான் புகார் தர வேண்டும். எழுத வராவிட்டால் எழுதித் தர உதவ வேண்டியது குழுவின் கடமை. கம்பெனியில் குழு இல்லாவிட்டால் மாவட்ட உள்ளூர்க் குழுவுக்குப் போகலாம். மத்திய அரசின் ஷி-பாக்ஸ் இணைய வழியும் இருக்கிறது. 181 என்ற மகளிர் உதவி எண்ணை அழைத்தால் வழி சொல்வார்கள். பெண்ணைப் பெற்றவர்களுக்கும் ஒன்று: மகள் வந்து சொன்னால் அவள் வேலையை நிறுத்தாதீர்கள். தப்புச் செய்தவனின் வேலையை நிறுத்தச் சொல்லுங்கள்.

அரசுக்கும் சொல்ல வேண்டும். 1982இல் நம் உச்ச நீதிமன்றம் எட்டிய இடத்தை எந்த வெளிநாட்டுச் சுங்கமும் இன்னும் எட்டவில்லை. அந்தத் தீர்ப்புக்கும் 2013ஆம் ஆண்டுச் சட்டத்துக்கும் தேவையான தொழிற்சாலை ஆய்வாளர்களையும், இயங்குகிற உள்ளூர்க் குழுக்களையும் கொடுத்தால், திருப்பூர்ப் பெண்ணின் பாதுகாப்பு வாஷிங்டனில் ஓர் அதிகாரி போடும் கையெழுத்துக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. அதுவரை, ஆர்டர் தாளில் வரும் சட்டத்தையும் நாம் பிடித்துக்கொள்ளத்தான் வேண்டும்.